கடைசி வரவைக் குழியைப் பற்றி மகளுக்கு

என் மகளே,

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் காணி பார்க்க வந்தார்கள். ஒரு வேனில் ஆறு பேர். அதில் காணி பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் முன்னுக்கு நடந்தார். வெள்ளை வேட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்து வரம்பில் நின்ற கொக்கே வெட்கப்பட்டு எழும்பிப் போயிற்று. மண்ணைக் கிள்ளி மணந்து பார்த்தார். என்ன மணந்தாரோ, தலையை ஆட்டினார். பின்னால் வந்தவர்களும் ஆட்டினார்கள். மாப்பிள்ளை கடைசியாக வந்தான். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்ததால், தண்ணீர் போக வரம்பில் வெட்டியிருந்த வக்கடைக்குள் காலை வைத்து விழப் பார்த்தான். அப்படியே எல்லாரும் வரம்பு கட்டிய கடைசி வயல் துண்டுக்கு, அந்தக் கடைசி வரவைக்கு வந்து, நீ வெட்டிய குழியைச் சுற்றி, செத்த வீட்டில் நிற்பது போல நின்றார்கள்.

"என்ன சம்மந்தி, வயலுக்குள்ள மலகூடக் குழி வெட்டி வச்சிரிக்கீங்க?" என்றார் தாய்மாமன்.

"அது வடிகட்டி. மகள் வெட்டினது. வட்டைத் தண்ணி ஆத்துக்குப் போகக்கொள்ள பசளைய மறிச்சி..."

"ஓ! அரிச்சிப்போட்டுத்தான் ஆத்துக்கு ஊத்துறீங்களோ! ஏன், ஆறு வந்து கேட்டிச்சா?"

ஐந்து பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. கொழுக்கட்டை வைத்திருந்தானோ என்னவோ. "இத மூடி மட்டமாக்கிப்போட்டு மகள்ட பேருக்குக் காணி உறுதிய எழுதுங்க. குழியோட காணி எங்களுக்குச் சரிவராது" என்றார் மாமன். நான் உடனே "மூடலாம், அதுக்கென்ன" என்றேன். அவர் என்னைக் கேட்டுக்கூட முடிக்கவில்லை மகளே. கேட்டு முடிப்பதற்குள் சரி சொன்னேன். என்னை யாராவது மதித்துக் கேள்வி கேட்டால் பதில் சரி என்றுதான் வரும். இது பிறவிக் குணம். உனக்கு அது வராமல் போனது உன் அம்மாவின் புண்ணியம்.

வேன் போன பிறகு உன் அம்மா எச்சில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "மூடலாம் எண்டு ஆரு சொன்ன?"

"நான்தான். அவங்க கேட்டாங்க..."

"இது என்ட அம்மா எனக்குத் தந்த காணி. நான் என்ட மகளுக்குக் குடுக்கிறன். இதுக்குள்ள குழி மூடுறதுக்கு நீங்க ஆரு?" அவள் சொன்னது நியாயம். நம் பக்கத்தில் வயல் பெண் பிள்ளைக்குத்தானே போகிறது. இந்த வீட்டுக்கு நான் வந்தபோது கொண்டு வந்தது உடுக்க இரண்டு சாரமும் ஒரு மண்வெட்டியும். அதில் மண்வெட்டி இரவல். அவள் அதோடு விடவில்லை. "அவளுக்கு எழுதுங்க. சரியெண்டு தலையாட்டினதையும் எழுதுங்க. அண்டைக்கு நீங்க வரம்ப வெட்டினதையும் எழுதுங்க" என்றாள். வெட்டியது இவளுக்குத் தெரியும் என்று எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நீ அந்தக் குழி செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர்கள் கேட்டால் நீயே "மூடுங்கப்பா" என்று சொல்லிவிடுவாய். அதற்கு முன்னால் நடந்ததெல்லாவற்றையும் நீ அறிய வேண்டும். கொஞ்சம் சுற்றித்தான் சொல்வேன். நேராகச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் மூன்று வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

நம்முடைய வட்டை, இந்த வயல்வெளி முழுவதும்தான், மேற்கில் உயரம், கிழக்கில் பள்ளம். மேலே நிற்கிறவன் எறிகிற உரப் பசளை, அடிக்கிற மருந்து, கழுவுகிற கால் எல்லாம் வடிச்சல் வாய்க்காலில் இறங்கி, நம்முடைய கடைசி வரவையின் ஓரத்தால்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். படித்தவர்கள் வாவி என்பார்கள். அதன் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரையில் நமக்கு அது ஆறு. அந்த ஆற்றைப் பற்றி நம் ஆட்களுக்கு இருக்கிற பெருமை கொஞ்சமில்லை. வெளியூர்க்காரன் வந்தால் மீன் பாடும் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அந்த மீனுக்கு நாம் என்ன தின்னக் கொடுக்கிறோம் என்று ஒருவனும் கேட்கமாட்டான். கரையெல்லாம் பச்சைப் பாசி பாய் விரித்த மாதிரிக் கிடக்கும், செத்த மீன் அதற்குமேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும், அதைத் தாண்டி நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

நீ விவசாயம் படித்து முடித்து வந்த வருடம், விதைப்புக்கு முன்னால் வட்டைக் கூட்டத்தில் எழும்பி நின்றாய். அந்தக் கூட்டத்தில் பெண் பிள்ளை எழும்பி நின்றதே புதினம். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு இன்னும் மனப்பாடம். "நெல்லுக்கெண்டு பசளை எறியிறம். அதில பொசுபரசு எண்டு ஒண்டு இரிக்கி. நெல்லு திண்டது போக மிச்சம் ஆத்துக்குப் போகுது. அங்க பாசிதான் திங்கிது. பாசி பெருத்தா மீனுக்கு மூச்சு முட்டும். கறள் புடிச்ச இரும்பு அந்தப் பொசுபரசைப் புடிச்சி வைக்கும், மட்டி ஓடும் புடிக்கும். வாய்க்கால் முனையில ஒரு குழி வெட்டி இது ரெண்டையும் போட்டு, தண்ணி அதுக்குள்ளால ஊறிப் போகவிட்டாச் சரி" என்றாய். கூட்டத்தை நடத்துகிற வட்டைவிதானை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆத்துக்கு வடி போடப்போறியா புள்ள? எங்கட வீட்டத் தேத்தண்ணி வடி ஒண்டு இரிக்கி, கொண்டுவரட்டா?" என்றார். நீ சும்மா விட்டாயா? "கொண்டுவாங்க மாமா, ஆனா ஓட்டையில்லாத வடியா கொண்டுவாங்க. உங்கட வீட்டத் தேத்தண்ணி குடிச்சிரிக்கன், வாய் முழுக்கத் தூள்" என்றாய். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் மகளே, அவர் வடி என்று சொன்னபோது எல்லாரும் சிரித்தார்களே, அதில் என் சிரிப்பும் இருந்தது. நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் காணவில்லை. பலர் சேர்ந்து சிரிக்கிற இடத்தில் சேர்ந்து சிரிக்காமல் இருக்கப் பழகு. எனக்கு இந்த வயதிலும் அது வரவில்லை.

பிறகு ஏறாவூரில் கடைசல் பட்டறை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணனிடம், நாம் காக்கா என்று கூப்பிடுகிறவரிடம், கடைந்து கழித்த இரும்புச் சுருள் எடுக்கப் போனோம். "என்ன தங்கச்சி, இத ஆக்கித் தின்னவா போறீங்க?" என்று கேட்டார். "ஆத்துக்கு மருந்து காக்கா" என்றாய். அவர் சிரிக்காமல் ஆளை விட்டு மூடையில் அள்ளிக் கட்டித் தந்தார். மட்டி ஓட்டை நீயும் உன் அம்மாவும் கரையில் பொறுக்கினீர்கள். நீ அளந்து காட்டிய குழிக்கு மண்வெட்டி பிடித்தது நான்தான், முணுமுணுத்துக்கொண்டு. எல்லாம் முடிந்த பிறகு, அதுவரைக்கும் எங்கே இருந்தார்கள் என்று தெரியாத ஏதோ திட்டத்துக்காரர்கள் நாடா, கத்தரிக்கோல், ஆற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று எழுதிய, குழியைவிடப் பெரிய பலகை எல்லாவற்றோடும் வந்து திறந்து வைத்தார்கள். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு பெரியவர் சேற்றில் புதைந்து, சப்பாத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுத்தார். படம் பிடிக்கிறவன் என்னிடம் வந்து, "ஐயா, இப்ப உங்களுக்கு எப்படி இரிக்கி?" என்றான். "பசிக்குது" என்றேன். அந்தப் பலகை அடுத்த காற்றில் விழுந்தது. இப்போது அது வட்டைவிதானை வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவு. அந்தப் பலகையால் பயன் அடைந்தது கோழி மட்டும்தான்.

இனி வருவதுதான் நான் எழுதப் பயந்த இடம். நம் வட்டையில் எப்படி விதைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். நல்ல நாள் பார்த்து விதை நெல்லை ஊறப்போடுவார்கள். நாள் மட்டும்தான் பார்ப்பார்கள். வயல் உழுதாயிற்றா, உழவு மெசின் வருமா என்றெல்லாம் பார்ப்பதில்லை. நெல் சாக்குக்குள் சூடேறி முளைத்துவிடும். மெசின் பிந்தும். முளை நீண்டால் எறியும்போது ஒடிந்துவிடும் என்று விழுந்தடித்து உழுது, அடிப்பசளையை எறிந்து, பலகை அடித்து மட்டமாக்கி, கலங்கிய தண்ணீரை அதே நாளில் திறந்துவிட்டு, சேற்றின்மேல் முளை நெல்லை எறிவார்கள். காலையில் போட்ட பசளை பின்னேரம் ஆற்றில். இப்படியொரு புத்திசாலித்தனத்தை இந்த வட்டையைத் தவிர வேறெங்கும் காணமாட்டாய். நான் பிறந்த நாள் முதல் இதைத்தான் செய்துவந்தேன். ஒரு நாளும் விசித்திரமாகப் படவில்லை.

குழி வெட்டிய வருடமும் அப்படித்தான் நடந்தது. வட்டை முழுவதும் ஒரே நேரத்தில் திறந்துவிட்ட சேறு உன் குழிக்குள் வந்து அடைத்தது. தண்ணீர் போக வழியில்லாமல் பின்னுக்கு ஏறியது. பள்ளத்தில் இருந்த நம் வரவைதான் முதலில் மூழ்கியது. வீட்டில் நான்கு சாக்கு முளை நெல். விடியற்காலையில் நான் மண்வெட்டியோடு போய், குழிக்குப் பக்கத்து வரம்பை வெட்டிவிட்டேன். தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர் குழியைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்கு ஓடியது. நீ வந்து பார்த்துவிட்டு அழுதாய். ஆர் வெட்டின என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி பாஞ்சா இறால் வருமெண்டு, இறால் புடிக்க வாற ஆக்களா இரிக்கும்" என்றேன்.

நீ அதை நம்பினாய். நம்பி, தோணித்துறைக்குப் போய்த் தங்கராசா அண்ணனை, நம் வாய்க்கால் முனையில் வலை போடுகிறவர் அவர் ஒருவர்தானே, அத்தனை பேருக்கு முன்னால் ஏசினாய். "உங்கட ஆத்துக்காகத்தானே நான் சேத்துக்க கிடந்து சாகிறன்! உங்களுக்கு வெக்கமில்லையா?" என்றாய். நான் பின்னால் நின்றேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே, "சரி புள்ள. இனி வலையோட அந்தப் பக்கம் வரல்ல" என்றார். அவ்வளவுதான். அவர் ஏன் அவ்வளவோடு நிறுத்தினார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் வெட்டிய அந்த விடியலில் அவர் வாய்க்கால் முனையில் தோணியில் நின்று என்னைப் பார்த்தார். கையையும் காட்டினார். நானும் காட்டினேன். அந்த மாதமே நீ வேலை கிடைத்துப் போய்விட்டாய். குழி சரிவரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாய், அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தங்கராசா அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி அந்தப் போகம் முழுவதும், இன்றுவரைக்கும்கூட, அந்தப் பக்கம் வலை போடவில்லை. நல்ல இறால் விழுகிற இடம் அது. அவர் வராத ஒவ்வொரு நாளும் எனக்கு வயலில் வேலை ஓடவில்லை. வெள்ளாமை வெட்டி வாய்க்கால் வற்றியதும், வெட்டிய இடத்தை அடைப்போம் என்று குழிக்குள் இறங்கினேன். மட்டி ஓட்டுக்குமேல் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு. மணலில்லை, கல்லில்லை, நெய் மாதிரி. விரலால் தொட்டால் வழுக்கும். அது நம்முடைய வயல்களின் மேல்மண் மகளே. உரமுள்ள மண்ணெல்லாம் அதுதான். அதைக் கழுவி அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் மண் செத்துப்போயிற்று என்று இன்னும் ஒரு மூடை பசளை வாங்கிக் கொட்டுகிறோம். உன் குழியில் பிழை இல்லை. பசளை தண்ணீரில் கரைந்து மட்டும் போகவில்லை, சேற்றைப் பிடித்துக்கொண்டும் போகிறது. சேறு வந்தால் எந்த வடியும் அடைக்கும். உன் பிழை ஒன்றே ஒன்று: விதைப்பு நாளில் ஒரு தரம் நின்று பார்த்துவிட்டுக் குழி வெட்டவில்லை. நீ படித்த இடத்தில் இந்த வட்டையில் எத்தனை மடையர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

அடுத்த போகம் நான் முறையை மாற்றினேன். முதலில் உழுது, பசளை எறிந்து, பலகை அடித்தேன். வக்கடையை அடைத்தேன். அன்றைக்குத்தான் நெல்லை ஊறப்போட்டேன். மூன்று நாள் நெல் முளைக்க, அந்த மூன்று நாளும் வரவைக்குள் சேறு அடியில் படிந்து, மேல் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அதை மெல்லத் திறந்து, சேறு அள்ளிச் சுத்தமாக்கிய குழிக்குள் விட்டேன். சலசலவென்று போயிற்று. "நாள் தப்பி விதைக்கிறான். இவன்ட வெள்ளாமை வந்தாப் பாப்பம்" என்றார் வட்டைவிதானை. வந்தது. எல்லாருக்கும் வந்த மாதிரியே வந்தது. மற்றவர்கள் சேறு திறந்துவிடுகிற நாட்களில் நான் அன்றைக்கு வெட்டினேனே, அந்த வெட்டைத் திறந்துவிடுகிறேன். விதைப்பு முடிந்ததும் பலகை வைத்து அடைத்தால் போகம் முழுக்க வட்டைத் தண்ணீர் குழிக்குள்ளால்தான் போக வேண்டும். இப்போது நமக்கு மேலே இரண்டு பேர் மூன்று நாள் மறிக்கிறார்கள். கேட்டால் "மெசின் பிந்திட்டு, அதுதான்" என்பார்கள். நல்லதைச் செய்யும்போதும் திருட்டுத்தனமாகத்தான் செய்வார்கள்.

ஆறு சுகப்பட்டுவிட்டது என்று எழுதினால் அது திட்டத்துக்காரர்களின் பலகையில் எழுதியிருந்ததைப் போன்ற பொய். ஒரு குழி ஒரு ஆற்றைக் காப்பாற்றாது. இதையெல்லாம் உனக்கு நான் சொல்லாததற்குக் காரணம், கண்டுபிடித்ததைச் சொன்னால் வெட்டியதையும் சொல்ல வேண்டிவரும். மூன்று வருடம் உன்னைத் தோற்றவளாக இருக்கவிட்டு நான் நல்லவனாக இருந்தேன். என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் அதற்கு மேலேயும் நினைக்க இடம் இருக்கிறது.

திங்கட்கிழமை தோணித்துறைக்குப் போனேன். "அண்ணன், அண்டைக்கு ஏன் என்னக் காட்டிக் குடுக்கல்ல?" என்று கேட்டேன். தங்கராசா அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வட்டைப் பக்கத்தால வந்து எங்கட ஆத்துக்காக ஏசின ஒரே ஆள் உன்ட மகள்தான். வெட்டினவன் உன்ட அப்பன்தான் எண்டு சொல்லி அந்த வாய அடைக்கச் சொல்லுறியா?" என்றார். பிறகு, "உன்னப் பாத்தா எனக்கு அவ்வளவு விருப்பமில்ல, தெரியுமா" என்றார். தெரியும் என்றேன். வாய்க்கால் முனையில் பாசி முன்னைப் போல் இல்லையென்றும் சொன்னார். அவர் சொன்னால் நான் நம்புவேன். திரும்ப வந்து வலை போடச் சொன்னேன். "அது உன்ட மகள் வந்து சொல்லட்டும்" என்றார். ஆகவே நீ ஊருக்கு வந்தால் முதல் வேலை அது.

செவ்வாய்க்கிழமை பாலத்தால் கடந்து குருக்கள்மடத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். தாய்மாமன் கதிரையில் சாய்ந்திருந்தார். வீட்டுக்குள்ளும் அந்தக் கறுப்புக் கண்ணாடி. "குழி மூடமாட்டம்" என்றேன். இந்த வயதுவரைக்கும் ஒரு மனிதனுடைய முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தரம்.

"அண்டைக்கு மூடுறமெண்டு சொன்னீங்களே சம்மந்தி?"

"அண்டைக்குச் சொன்னது பொய். காணி என்டயில்ல."

"அப்ப கலியாணம்?"

"அது அவங்க ரெண்டு பேர்ட விசயம். காணி குழியோடதான்."

அவர் எழும்பி உள்ளே போய்விட்டார், தேத்தண்ணீர்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை என்னோடு வாசல் படலை வரைக்கும் வந்தான். "மாமா, அது அவட காணி. நான் ஆரு சொல்லுறதுக்கு?" என்றான். அது புத்தியா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. புத்தியென்றால் ஞாயிற்றுக்கிழமை அதை ஏன் சொல்லவில்லை? பயமென்றால் மாமனுக்குக் கேட்கிற தூரத்தில் ஏன் சொன்னான்? வாழப்போகிறவள் நீ. நீயே கண்டுபிடி. நான் சரி என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். என் வாயிலிருந்து வந்த சரிகள் போதும்.

அங்கிருந்து இதுவரைக்கும் ஒரு பதிலும் வரவில்லை. நாங்கள் காத்திருக்கவும் இல்லை. இன்று காலை உன் அம்மாவும் நானும் கொக்கட்டிச்சோலைக்குப் போய், பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் உன் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் எல்லைகளை வாசித்துக்கொண்டே வந்தார்: வடக்கே வரம்பு, மேற்கே வரம்பு, கிழக்கே வடிச்சல் வாய்க்கால். உன் அம்மா நிறுத்தச் சொன்னாள். "குழியையும் எழுதுங்க" என்றாள். "குழியையெல்லாம் உறுதியில எழுதுறதில்ல அம்மா" என்று அவர் சிரித்தார். "எழுதுங்க. வடிகட்டிக் குழியும், அதுக்குள்ள இருக்கிற இரும்பும் மட்டி ஓடும், பக்கத்து வெட்டும் பலகையும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் உன் அம்மாவைக் கைகாட்டினேன். எழுதினார். உன் அம்மா கையெழுத்துப் போட்டாள். எனக்கு அங்கே கையெழுத்துப் போடுகிற இடமே இருக்கவில்லை. இனி அந்தக் குழியை மூடுவதென்றால் உன் கையெழுத்து வேண்டும். அந்தத் தாய்மாமனுடையதும் செல்லாது, உன் புருசனாக வருகிறவனுடையதும் செல்லாது. என்னுடையதும் செல்லாது.

அப்பா